முதலிடம் பெற்ற மாத்திரையை ஏன் முதலில் எழுதுவதில்லை
(காரைக்காலில் பொதுமக்களுக்காக ஒரு மனநல மருத்துவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என்னை அழைத்தவர்கள் தலைப்பைக் கேள்வியாகவே கொடுத்துவிட்டார்கள்: மனச்சோர்வு நோய்க்கு இருக்கிற மாத்திரைகளில் எது நல்லது? பேருந்திலும் கல்யாணப் பந்தியிலும்கூட என்னிடம் கேட்கப்படுகிற கேள்விதான். சுற்றி வளைக்காமல் பதிலைச் சொல்லிவிடுகிறேன். 2018-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஆண்ட்ரியா சிப்ரியானி என்பவரும் அவர் குழுவினரும் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். 21 மருந்துகள், 522 சோதனைகள், 1,16,477 நோயாளிகள். இந்த நோய்க்கான மாத்திரைகளை இவ்வளவு பெரிய அளவில் அதற்கு முன் யாரும் எடை போட்டதில்லை. மருந்தில்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்டால் 21 மருந்துகளுமே மேல் என்று தெரிந்தது. பலன் வரிசையில் உச்சியில் நின்றது அமிட்ரிப்டிலின். கடைசியில் நின்றது ரெபாக்செட்டின்.

அமிட்ரிப்டிலின் அறுபது வருஷப் பழைய மருந்து. விலை மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனாலும் புதிதாக என்னிடம் வருகிறவருக்கு நான் அதை முதலில் எழுதுவதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இன்றைய மாலை.

முதலில், எந்த நோயைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் குழப்பம் வேண்டாம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்ளே வந்தபோது புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் ஏறக்குறைய அறுநூறு பேர் போனார்கள். அதில் பெரும்பகுதி நம் கரையில். அடுத்த மாதங்களில் பட்டினச்சேரியிலும் கிளிஞ்சல்மேட்டிலும் அழாத வீடு கிடையாது. அழுதவர்கள் எல்லோரும் நோயாளிகள் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர் அழுவது துக்கம். அதற்கு மாத்திரை எழுதுகிற வேலை எங்களுடையது அல்ல. நான் சொல்கிற நோய் வேறு. இரண்டு வாரத்துக்கு மேல், நாள் முழுவதும், எதிலும் நாட்டமில்லாமல் போவது. தூக்கமும் பசியும் கெடுவது. "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற எண்ணம் விடாமல் வருவது. நம் பக்கத்தில் அதை யாரும் இப்படிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலைபாரம், கை கால் குடைச்சல், நெஞ்சு படபடப்பு, ஒரே அசதி என்றுதான் வருவார்கள். இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் முடிந்து, எல்லாம் 'நார்மல்' என்று வந்த பிறகு, கூட வந்த மனைவி சொல்வார்: "மூணு மாசமா வலையத் தொடல சார்."

இந்த நோய்க்கு ஒரு குணம் உண்டு. பலருக்கு அது தானாகவே வடியும். மாதங்கள் ஆகும், ஆனால் வடியும். அதனால்தான் எந்த வைத்தியம் வேலை செய்கிறது என்று கண்டுபிடிப்பது இவ்வளவு கஷ்டம். கூப்பிடு தூரத்தில் திருநள்ளாறு இருக்கிறது. ஏழரைச் சனி பிடித்ததால் மனசு சரியில்லை என்று நளதீர்த்தத்தில் முழுகிவிட்டுப் போனவர்களில் பலர் ஆறு மாதத்தில் தெளிந்திருப்பார்கள். நாகூர் தர்காவுக்குப் போனவர்களும் தெளிந்திருப்பார்கள். வேளாங்கண்ணிக்குப் போனவர்களும். என்னிடம் வந்து மாத்திரை சாப்பிட்டவர்களிலும் ஒரு பங்கு அப்படித் தெளிந்தவர்கள்தான். ஆனால் அந்தப் பெருமையை நான் எடுத்துக்கொள்வேன். கோயிலுக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை. அங்கே போனால் நாலு பேரோடு நடக்கிறார், குளிக்கிறார், வேளைக்குச் சாப்பிடுகிறார். அவை ஒவ்வொன்றும் இந்த நோய்க்கு நல்லது. ஆனால் எது தெளியவைத்தது என்று தெரிய வேண்டுமானால் வேறு வழி வேண்டும்.

அந்த வழிதான் போலி மாத்திரை. பார்க்க ஒரே மாதிரி, உள்ளே மருந்து கிடையாது. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கிற மருத்துவருக்கும் தெரியாது. எட்டு வாரம் கழித்துப் பார்த்தால், போலி மாத்திரை சாப்பிட்ட நூறு பேரில் 35 முதல் 40 பேருக்கு நோய் பாதியாகக் குறைந்திருக்கும். அசல் மாத்திரை சாப்பிட்ட நூறு பேரில் ஏறக்குறைய 50 பேருக்கு. நடுவில் இருக்கிற அந்தப் பத்துப் பதினைந்து பேர்தான் மருந்தின் சொந்தச் சம்பாத்தியம். கொஞ்சம்தானா என்று கேட்பீர்கள். ஒரு ஊரில் ஆயிரம் பேருக்கு இந்த நோய் இருந்தால் நூறு, நூற்றைம்பது குடும்பம். அது கொஞ்சம் இல்லை. ஆனால் மாத்திரை கம்பெனிகள் விளம்பரத்தில் காட்டுகிற சிரித்த முகத்துக்கு அது ஈடும் இல்லை.

கம்பெனி என்று சொன்னதால் இன்னொன்றையும் சொல்கிறேன். 2008-ல் எரிக் டர்னர் என்பவர், அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் பதிவான 74 சோதனைகளைத் தோண்டி எடுத்தார். பன்னிரண்டு மருந்துகள் பற்றியவை. இதழ்களில் அச்சானவற்றைப் படித்தால் 94 சதவீதம் வெற்றி. அலுவலகக் கோப்புகளைப் படித்தால் 51 சதவீதம். தோற்ற சோதனைகள் பல அச்சேறவில்லை; சில, வெற்றி போல எழுதப்பட்டிருந்தன. சிப்ரியானி குழு அச்சேறாத சோதனைகளையும் தேடிச் சேர்த்தது என்பதால்தான் அந்த ஆய்வை நான் மதிக்கிறேன். அப்படியும் அந்த 522 சோதனைகளில் பெரும்பாலானவை மருந்துக் கம்பெனிகளின் பணத்தில் நடந்தவை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

இப்போது அமிட்ரிப்டிலினுக்கு வருகிறேன்.

அந்த வரிசைப் பட்டியலில் முதலிடத்துக்கும் எட்டாவது இடத்துக்கும் உள்ள தூரம், பத்தாம் வகுப்புத் தேர்வில் மாவட்டத்தில் முதலாவது வந்த பிள்ளைக்கும் எட்டாவது வந்த பிள்ளைக்கும் உள்ள தூரம் மாதிரிதான். இருக்கிறது, ஆனால் அதை வைத்து ஒரு பிள்ளையை வேலைக்கு எடுக்க மாட்டோம். அதே ஆய்வில் இன்னொரு வரிசையும் உண்டு: எத்தனை பேர் பாதியில் மாத்திரையை விட்டார்கள் என்பது. மருந்துகளை நேருக்கு நேர் மோதவிட்டுப் பார்த்தபோது, அதிகம் பேர் விட்டுப்போன கூட்டத்தில் அமிட்ரிப்டிலின் இருந்தது. வாய் உலர்ந்துபோகும், மலச்சிக்கல், பகலிலும் மந்தம், எடை ஏறும். புராஸ்டேட் வீங்கிய பெரியவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். போலி மாத்திரையைவிடக் குறைவான பேர் விட்டுப்போன மருந்துகள் இரண்டே இரண்டு: அகோமெலட்டின், ஃபுளூவாக்செட்டின். இந்த ஃபுளூவாக்செட்டின் பலன் வரிசையில் பின்தங்கிய கூட்டத்தில் இருக்கிறது. நன்றாக வேலை செய்வதைச் சாப்பிட முடிவதில்லை. சாப்பிட முடிவது கொஞ்சம் குறைவாக வேலை செய்கிறது. எஸ்சிட்டலோபிராம் இரண்டு வரிசையிலும் நல்ல இடத்தில் நிற்கிறது. செர்ட்ராலின் பலனில் நடுவில் நின்றாலும் தாங்கிக்கொள்ள எளிது. எங்கள் மருந்துச் சீட்டில் இந்த இரண்டு பெயரையும் நீங்கள் அடிக்கடி பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

பக்க விளைவு மட்டும் என்றால்கூட நான் சில பேருக்குத் துணிந்து எழுதுவேன். பெரிய காரணம் வேறு. அமிட்ரிப்டிலின் அளவுக்கு மீறிப் போனால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். செர்ட்ராலின், ஃபுளூவாக்செட்டின் வகையில் அந்த ஆபத்து வெகு குறைவு. இதை நான் காரைக்காலில் நின்று சொல்கிறேன் என்பதுதான் விஷயம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2015 கணக்கில், இந்தியாவிலேயே தற்கொலை விகிதம் மிக அதிகமாக இருந்தது புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில்: லட்சம் பேருக்கு 43.2. நாட்டின் சராசரி 10.6. 2022-ல் நம் விகிதம் 29.7 ஆகக் குறைந்தது; நாட்டின் சராசரி 12.4. காரைக்காலும் அந்தக் கணக்குக்குள் அடக்கம். எந்த நோயில் சாவு எண்ணம் ஓர் அறிகுறியோ, அந்த நோய்க்கு அலமாரியில் ஒரு மாத அமிட்ரிப்டிலினை வைத்துவிட்டு வர நான் தயாரில்லை. லான்செட் பட்டியலில் இதற்கென்று ஒரு கட்டம் கிடையாது.

(அதே அமிட்ரிப்டிலினைக் குறைந்த அளவில் சர்க்கரை நோயாளியின் கால் எரிச்சலுக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கிறோம். உங்கள் வீட்டுப் பெரியவரின் சீட்டில் அந்தப் பெயர் இருந்தால் பயந்துபோய் நிறுத்தவேண்டாம். மாத்திரைப் பட்டையை வீட்டில் பொறுப்பான ஒருவர் வைத்திருந்து, வேளைக்கு எடுத்துக் கொடுத்தால் போதும்.)

பட்டியலில் இல்லாத இன்னொன்று, சோதனையில் சேர்க்கப்பட்ட ஆட்கள் யார் என்பது. நிறையக் குடிக்கிறவர்களையும் வேறு பெரிய நோய் உள்ளவர்களையும் பெரும்பாலான சோதனைகளில் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எல்லை தாண்டி இந்த ஊருக்கு வருகிறவர்கள் எல்லோருமே சனீஸ்வரனைத் தரிசிக்க வருகிறவர்கள் இல்லை என்று உங்களுக்கும் தெரியும். சாராயமே மனதைக் கீழே இழுக்கும். அதை நிறுத்தாமல் மேலே மாத்திரை போட்டால், அந்த 522 சோதனைகளில் பெரும்பாலானவை அவருக்குப் பொருந்தாது. குடியை விட்டுச் சில வாரத்தில் சோர்வும் தானாக இறங்கியவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? ஆளை வைத்து. இராத்திரி கடலுக்குப் போகிறவருக்கு மிர்ட்டாசபின் எழுத நான் தயங்குவேன்; தூக்கம் அழுத்தும், படகு விளிம்பில் நிற்கிறவருக்கு அது கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அவர் கரையில் இருப்பார். அந்த அறுபத்தோரு நாளில் ஆரம்பித்தால் பழகிக்கொள்ள நேரம் கிடைக்கும் என்று நாள் பார்த்துத் தொடங்குவதும் உண்டு. ஆனால் பசியே இல்லாமல், ராத்தூக்கம் இல்லாமல், எலும்பும் தோலுமாக வருகிற பாட்டிக்கு அதே மிர்ட்டாசபின் அருமையான மருந்து. சர்க்கரையும் எடையும் ஏறிக்கிடப்பவருக்கு வேண்டாம். சர்க்கரையால் கால் எரிகிறது, மனமும் சோர்ந்திருக்கிறது என்றால் டுலாக்செட்டின் இரண்டையும் பார்த்துக்கொள்ளும்.

நடவுக்குப் போகும் அக்காமாரிடம் நான் கட்டாயம் கேட்கிற கேள்வி ஒன்று: முட்டிவலிக்குக் கடையில் வாங்கித் தினம் போடுகிற மாத்திரை என்ன? டைக்ளோஃபெனாக் மாதிரியான வலி மாத்திரையோடு செர்ட்ராலின் வகை சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசிய வாய்ப்புக் கூடுகிறது. அவர் அதை மருந்து என்றே நினைப்பதில்லை, அதனால் சொல்லவும் மாட்டார். பிள்ளைகள் எல்லாம் பிரான்சிலும் வளைகுடாவிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் எழுபது வயதுக்காரருக்கு வேறு கவலை. இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவரானால், செர்ட்ராலின் வகை சேர்ந்ததும் உடம்பில் சோடியம் இறங்கி, பேச்சு குழறலாம், தடுமாறி விழலாம். இரண்டு வாரத்தில் ஒரு இரத்தப் பரிசோதனை போதும், கண்டுபிடித்துவிடலாம். இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கோ முதல் சில வாரங்களில் சாவு எண்ணம் சற்றுக் கூடலாம் என்று அமெரிக்காவில் மருந்துக் குறிப்பின் தொடக்கத்திலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். அதற்காக மருந்தே வேண்டாம் என்பதில்லை. பெற்றோரை அடுத்த வாரமே பிள்ளையோடு வரச்சொல்வேன். இடையில் எப்போதாவது அளவுக்கு மீறிய உற்சாகம், தூக்கமே தேவைப்படாத நாட்கள், கையில் நிற்காத செலவு இருந்ததா என்றும் கேட்பேன். இருந்தால் அது வேறு நோய்; இந்த மாத்திரை மட்டும் கொடுத்தால் எதிர்ப்பக்கம் தூக்கி எறிந்துவிடும்.

தாம்பத்தியத்தில் நாட்டம் குறைவதும் இந்த மாத்திரைகளின் விளைவுதான். நாங்கள் சொல்ல வெட்கப்படுகிறோம், நீங்கள் கேட்க வெட்கப்படுகிறீர்கள். மூன்றாவது மாதம் காரணம் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துகிற ஆண்களில் பாதிப்பேருக்கு இதுதான் காரணம் என்பது என் ஊகம்.

முதல் மாத்திரை கேட்கவில்லை என்றால்? இதற்கும் பெரிய சோதனை நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 'ஸ்டார்-டி' என்ற பெயரில் நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்களைச் சேர்த்தார்கள். 2006-ல் முடிவுகள் வந்தன. முதலில் எல்லோருக்கும் சிட்டலோபிராம். முழுதாகத் தெளிந்தவர்கள் மூன்றில் ஒருவர் அளவுக்குத்தான். தெளியாதவர்களில் ஒரு பகுதியினருக்கு மூன்று வேறு மருந்துகளில் ஒன்றைச் சீட்டுப் போட்டுக் கொடுத்தார்கள். மூன்றும் உடம்பில் வெவ்வேறு வழியில் வேலை செய்பவை. மூன்றிலும் தெளிந்தவர்கள் நாலில் ஒருவர், வித்தியாசமே இல்லை. நான்கு கட்டம் முடிவதற்குள் மூன்றில் இருவர் தெளிந்துவிடுவார்கள் என்று அன்று சொன்ன கணக்கு இன்று ஆட்டம் கண்டிருக்கிறது. 2023-ல் மறுபடி கணக்குப் போட்டவர்கள் 35 சதவீதம்தான் என்கிறார்கள். சண்டை ஓயவில்லை. ஆனால் இரண்டாவது மாத்திரைக்கு வாய்ப்பு உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை.

எந்த மருந்து யாருக்குக் கேட்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் இரத்தப் பரிசோதனை நம்பத்தக்கதாக இன்றுவரை இல்லை. அதில் ஆச்சரியமில்லை, இந்த மருந்துகள் பிறந்ததே தற்செயலாகத்தான். காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்த 1952-ல், பாரிசில் குளோர்புரோமசின் என்ற மருந்து மனநோய்க்குக் கைகொடுத்தது. அதே மாதிரி இன்னொன்றைத் தேடிய சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோலண்ட் கூன், இமிப்ரமின் என்பதைக் கொடுத்துப் பார்த்தார். எதிர்பார்த்த நோய்க்கு அது உதவவில்லை. சோர்ந்து கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். 1957-ல் எழுதினார். காசநோய்க்கு வந்த ஐப்ரோனியசிட் என்ற இன்னொரு மருந்தும் அப்படித்தான், இருமிக்கொண்டிருந்தவர்களைக் குதூகலப்படுத்தி மாட்டிக்கொண்டது. 'மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் குறைவதால்தான் மனச்சோர்வு' என்கிற கதை அதற்குப் பிறகு கட்டப்பட்டது. 2022-ல் வந்த ஒரு பெரிய மதிப்பாய்வு அந்தக் கதைக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றது. காரணம் தெரியாமலே வேலை செய்கிற மருந்துகள் எங்கள் அலமாரியில் இது மட்டும் இல்லை; ஆனால் தெரிந்த மாதிரி நாங்கள் பேசியிருக்கக் கூடாது.

மாத்திரை மாத்திரையாக ஒப்பிடுவதைவிட நம் ஊரில் பெரிய சிக்கல் நாட்கணக்கு. குமட்டல், படபடப்பு முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். ஆக, முதல் பத்து நாளில் கெடுதல் மட்டும்தான் கண்ணில் படும். பத்தாம் நாள் நிறுத்திவிடுவார்கள். தாண்டி வந்தவர்கள், தெளிந்ததும் அடுத்த வாரமே நிறுத்துவார்கள். தெளிந்த பிறகு ஆறு மாதமாவது தொடர வேண்டும். பல வருஷமாகச் சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு சோதனை உண்டு: இங்கிலாந்தில் 478 பேர், நன்றாக இருப்பவர்கள், நிறுத்தத் தயாராக இருந்தவர்கள். ஓர் ஆண்டுக்குள் நோய் திரும்பியது, தொடர்ந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு; மெதுவாக நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கு. 2021-ல் வெளிவந்தது. நிறுத்தியும் நன்றாக இருந்தவர்கள் நூற்றில் 44 பேர் என்பதையும் கவனியுங்கள். ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும் என்று பயமுறுத்துகிறவர்களுக்கும் அது பதில். எப்படியானாலும் சட்டென்று நிறுத்தக் கூடாது. பாராக்செட்டின், வென்லஃபாக்சின் இரண்டும் இதில் மோசம். இரண்டு வேளை தவறினாலே தலை கிறுகிறுக்கும்.

இந்த அவசரத்துக்குத் தீனி போடுவதற்காகவே நம் நாட்டில் ஒரு சரக்கு இருக்கிறது: எஸ்சிட்டலோபிராமையும் குளோனசெபாமையும் ஒன்றாகச் சேர்த்த மாத்திரை. குளோனசெபாம் தூக்க மாத்திரை இனம். முதல் இரவே தூங்கிவிடுவார். டாக்டர் கைராசி என்று பேராகிவிடும். ஒரு மாதத்தில் குளோனசெபாமை நிறுத்த வேண்டும். ஒட்டிப் பிறந்த இரட்டையில் ஒன்றை மட்டும் எப்படி நிறுத்துவது? வருஷக்கணக்கில் அதையே கேட்டு வாங்குகிறவர்கள் இந்தக் கரையில் நிறையப் பேர். கலவை மாத்திரைகளில் நம் கட்டுப்பாடு எப்போதும் தாமதம்தான். ஃபுளூபென்டிக்சாலும் மெலிட்ரசினும் சேர்ந்த ஒரு டென்மார்க் கம்பெனி மாத்திரை, அதன் சொந்த நாட்டில் விற்பனையில் இல்லை என்று 2012-ல் நாடாளுமன்றக் குழு எழுதிய பிறகுதான், 2013-ல் இங்கே தடை வந்தது.

மாத்திரைக்கு வெளியே என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் கோவாவைக் காட்டுவேன். நம்மைப் போலவே கடலும் மீனும் மதுவும் ஐரோப்பியர் ஆண்ட வரலாறும் உள்ள ஊர். அங்கே விக்ரம் படேல் குழு 2003-ல் வெளியிட்ட சோதனையில், மாவட்ட மருத்துவமனைக்கு வந்த 450 பேருக்கு ஃபுளூவாக்செட்டின், போலி மாத்திரை, பேச்சு சிகிச்சை என்று பிரித்துக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் மாத்திரை ஜெயித்தது; பேச்சு சிகிச்சை போலி மாத்திரையைத் தாண்டவில்லை. அதோடு விட்டுவிடாமல் பேச்சையே மாற்றி அமைத்தார்கள். மருத்துவர் அல்லாத, சில வாரம் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள், வீட்டுக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய், ஆறு முதல் எட்டு தடவை உட்கார்ந்து, நின்றுபோன காரியங்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்ய வைப்பது. காலையில் எழுந்து குளிப்பது, கடைத்தெருவுக்குப் போவது, தங்கச்சி வீட்டுக்குப் போவது. 2017-ல் முடிவு வந்தது: கடுமையான சோர்வில் இருந்த 495 பேரில், இந்த உதவி கிடைத்தவர்களில் 64 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் தெளிந்தார்கள், கிடைக்காதவர்களில் 39 சதவீதம். என் மாத்திரைகளின் வித்தியாசத்தைவிட அது பெரியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். (போலி மாத்திரை போல ஒளித்து நடத்த முடியாத சோதனை அது, அந்தக் கழிவையும் போட்டுக்கொள்ளுங்கள்.) இங்கே அதைச் செய்ய மனநல மருத்துவர் தேவையில்லை. ஆஷா பணியாளர்கள் இருக்கிறார்கள், மீனவர் பஞ்சாயத்து இருக்கிறது, ஜமாத் இருக்கிறது, மகளிர் குழு இருக்கிறது. யாராவது ஆரம்பித்தால் பயிற்சி தர நான் வருகிறேன்.

இங்கே மருந்துக்கடை வைத்திருப்பவர்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் கேட்பது மூன்று. பழைய சீட்டைக் காட்டிக் குளோனசெபாம் கேட்டால் கொடுக்காதீர்கள். பட்டை பட்டையாக மொத்தமாகக் கேட்டால் இரண்டு வாரத்துக்கு மட்டும் கொடுங்கள். கேட்பவர் முகத்தையும் பாருங்கள். பத்தாம் நாள் "கேக்கல" என்று திரும்பி வருகிறவரிடம், இன்னும் மூன்று வாரம் பொறுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

வீட்டில் யாராவது சாவைப் பற்றிப் பேசினால், அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்காதீர்கள். 14416 என்ற எண் இரவு பகல் எந்நேரமும் எடுக்கப்படும். மத்திய அரசின் டெலி-மானஸ் சேவை, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். கைப்பேசியில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள், நான் காத்திருக்கிறேன். பிறகு உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.